ஒப்பந்தச் சட்டத்தில் ஏன் இத்தனை சித்தப்பாக்கள்?

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். இப்போது யோசித்தால் அந்த வேகம்தான் உறுத்துகிறது. காலையில் முன்சீப் கோர்ட்டு, வாரத்தில் இரண்டு நாள் மதியம் ஒரு சட்டக் கல்லூரியில் முதலாண்டுக்காரர்களுக்கு ஒப்பந்தச் சட்டம் என்று சில வருடங்களாக என் பிழைப்பு ஓடுகிறது. அன்றைக்கு மூன்று வழக்குகளுக்கு வாய்தா வாங்கிவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டு வகுப்புக்குப் போயிருந்தேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 10. முன்மொழிவு, ஏற்பு, கன்சிடரேஷன், சுதந்திரமான சம்மதம், தகுதி, சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம் என்று பலகையில் எழுதி முடித்துக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தபோது, கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

"சார், ஃபீஸ் கட்டறேன்னு ஒருத்தர் எல்லார் முன்னாடியும் வாக்குக் குடுத்துட்டு அப்புறம் கட்டலேன்னா, அது பிரீச் ஆஃப் கான்ட்ராக்டா?"

"யாரும்மா அந்த ஒருத்தர்?"

"தாய்மாமா சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றேன். இல்லை. பதிவு செய்திருக்கிறதா? இல்லை. "பதிலுக்கு நீ என்ன குடுத்தே?" "ஒண்ணும் குடுக்கல சார்." "அப்ப கன்சிடரேஷன் இல்ல. செக்ஷன் 25. வாய்டு, செல்லாது. உக்காரு." அறுபது பேனாக்கள் அசைந்தன. வகுப்பு முடிந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது முன் பெஞ்சுப் பையனின் நோட்டு திறந்து கிடந்தது. அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தான்: 'தாய்மாமா — வாய்டு.'

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது. தாய்மாமா எப்படி வாய்டு ஆவார்? அதைவிட, 'பதிலுக்கு நீ என்ன கொடுத்தாய்' என்று நான் கேட்டேனே, அப்படி ஒரு கேள்வி அந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது? என் பதில் தப்பாகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் போக நான் கேட்ட கேள்வி தப்பு. பத்து வருடம் கோர்ட்டில் நின்றவனுக்கு இது தெரியாமல் போனதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பலகையில் போடும் பட்டியல்

எங்களைப் போன்றவர்கள் பிரிவு 10-ஐ மளிகைப் பட்டியல் மாதிரி நடத்துகிறோம். ஆறு சாமான், ஆறும் இருந்தால் ஒப்பந்தம், ஒன்று குறைந்தால் இல்லை. பரீட்சைக்கு இது போதும். பத்து மார்க் கேள்வி என்றால் ஆறையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கின் பெயரைப் போட்டால் எட்டு மார்க் நிச்சயம். ஆனால் கட்சிக்காரர் வந்து எதிரே உட்கார்ந்தால் அவர் ஆறு சாமானோடு வருவதில்லை, ஒரு கதையோடு வருகிறார். அந்தக் கதைக்குள் எது முன்மொழிவு, எது வெறும் பேச்சு, எது வீறாப்பு என்று பிரித்தெடுப்பதுதான் வேலை. அதைப் பட்டியல் கற்றுத் தராது.

புதிதாக வருகிறவர்களிடம் இன்னொரு நம்பிக்கையும் ஊறிக் கிடக்கிறது: முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் என்பது. ஒவ்வொரு வருடமும் முதல் வாரம் முழுக்க இதை உடைப்பதிலேயே போய்விடும். வேறு ஏதாவது சட்டம் எழுத்தையோ சாட்சியையோ பதிவையோ கட்டாயமாக்கியிருந்தால் தவிர, வாய்ப்பேச்சே ஒப்பந்தமாகும் என்பதுதான் பிரிவு 10. காலையில் பஸ் ஏறிச் சில்லறையை நீட்டினோமே, அதற்கு யார் பத்திரம் எழுதினார்கள்? மறுபுறம், நோட்டரி முத்திரையும் பச்சை மையும் இருந்தாலும் பதினேழு வயதுப் பையன் எழுதிக்கொடுத்த அடமானம் ஒன்றுமில்லாததுதான். 1903-இல் மோஹோரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதைத் தீர்த்து வைத்துவிட்டது. கடன் கொடுத்தவரின் ஆளுக்குப் பையன் மைனர் என்று தெரிந்தே கொடுத்த கடன் அது. பணமும் போயிற்று, அடமானமும் போயிற்று. காகிதத்தைப் பற்றி இவ்வளவு போதும். சிக்கல் எப்போதும் கன்சிடரேஷனில்தான்.

இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கன்சிடரேஷன் என்பார்கள். தமிழில் எழுதும் சட்டப் புத்தகங்கள் மறுபயன் என்று போடும். எங்கள் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் இரண்டையும் கண்டுகொள்ள மாட்டார். அவருக்கு அது பிரதிபிரயோஜனம். அவர் டைப் செய்யும் கிரையப் பத்திரத்தில் அந்தச் சொல் வராமல் இருக்காது. மறுபயன் என்றாலும் பிரதிபிரயோஜனம் என்றாலும் நம் காதில் விழுவது 'பதிலுக்குக் கிடைக்கும் லாபம்'. அந்தச் சொற்கள்தான் என்னைக் கவிழ்த்தன. அதனால்தான் 'பதிலுக்கு நீ என்ன குடுத்தே' என்று கேட்டேன். மாமாவுக்கு அவள் என்ன லாபம் கொடுத்திருக்க முடியும்? ஒன்றுமில்லை என்றுதானே சொல்வாள்.

சட்டம் சொல்வது வேறு. பிரிவு 2(டி)-ஐ அன்று இரவு மறுபடி எடுத்துப் படித்தேன். வாக்களிப்பவரின் விருப்பத்தின் பேரில், வாக்குப் பெற்றவரோ வேறு யாரோ ஒன்றைச் செய்திருந்தால், அல்லது செய்யாமல் விட்டிருந்தால், அல்லது செய்வதாகவோ விடுவதாகவோ ஒப்புக்கொண்டால், அதுவே கன்சிடரேஷன். லாபம் என்ற சொல் அதில் இல்லை. ஈடு என்ற சொல்லும் இல்லை. ஆயிரம் ரூபாய்க் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க மனமார ஒப்புக்கொண்டால் அதுவும் ஒப்பந்தமே என்று பிரிவு 25-க்குக் கீழே சட்டமே உதாரணம் தருகிறது. 'வேறு யாரோ' என்பதும் சும்மா போட்ட சொல் இல்லை. 1882-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த சின்னையா வழக்கில், ஒரு தாய் மகளுக்கு நிலத்தை எழுதிவைத்து, தன் உடன்பிறப்புக்கு வருடம் 653 ரூபாய் கொடுக்கச் சொன்னார். மகளும் அவர்களுக்குத் தனியாக எழுதிக்கொடுத்தாள். பிறகு, 'நீங்கள் எனக்கு என்ன கொடுத்தீர்கள்' என்று கையை விரித்தாள். கொடுத்தது தாய், போதும் என்றது நீதிமன்றம். அந்த மகள் கேட்ட அதே கேள்வியைத்தான் நான் வகுப்பில் கேட்டிருக்கிறேன்.

ஆக எல்லாம் 'விருப்பத்தின் பேரில்' என்ற சொற்களில் தொங்குகிறது. 1880-இல் அலகாபாத்தில் வந்த துர்கா பிரசாத் வழக்கு இதைப் பளிச்சென்று காட்டும். கலெக்டர் சொன்னார் என்று ஒருவர் சொந்தச் செலவில் சந்தைக் கடைகளைக் கட்டினார். அங்கே வியாபாரம் செய்ய வந்தவர்கள் கமிஷன் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. கட்டியது உண்மை, செலவழித்தது உண்மை, வாக்கும் உண்மை. ஆனால் கட்டச் சொன்னது கலெக்டர். வாக்குக் கொடுத்தவர்கள் இல்லை. வழக்கு தோற்றது. நன்கொடை வழக்குகளும் இதே தடத்தில்தான் போகின்றன. ஹவுராவில் டவுன் ஹால் கட்ட 100 ரூபாய் தருவதாகப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவரை 1886-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் விடவில்லை. அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் காண்டிராக்டரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. நம் சென்னையில், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கோயில் திருப்பணிக்கு 125 ரூபாய் என்று பெயரெழுதிவிட்டுத் தராத ஒருவர் தப்பித்துக்கொண்டார். அவர் கேட்டதற்காக அங்கே ஒரு கல்லும் புதிதாக வைக்கப்படவில்லை. சாமி காரியத்தில் இப்படியா என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சித்தப்பாக்கள்

பிரிவு 2(டி)-யோடு நிறுத்தியிருந்தால் தூங்கியிருக்கலாம். ஒரு யோசனையில் பழைய வழக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். தாய்மாமா வாக்கு பற்றி எங்காவது உண்டா என்று தேடப்போக, ஒப்பந்தச் சட்டம் முழுக்க 'அங்கிள்'களாகவே வந்து விழுந்தார்கள். இத்தனை வருடம் நடத்தியும் கவனித்ததில்லை.

முதலாவது நாம் எல்லோரும் நடத்தும் ஃபெல்ட்ஹவுஸ் வழக்கு, 1862. குதிரை விலைக்கு. "உன்னிடமிருந்து வேறு பதில் வராவிட்டால் 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது" என்று எழுதினார் பெரியவர். மௌனம் ஏற்பு ஆகாது என்பதற்கு இந்த வழக்கைத்தான் எல்லோரும் சொல்கிறோம். எழுதியவர் குதிரைக்காரனின் அங்கிள். அடுத்தது ஷாட்வெல், 1860. "உன் கல்யாணச் செய்தி கேட்டுச் சந்தோஷம். வக்கீல் தொழிலில் உனக்கு வருடம் 600 கினி வருமானம் வரும்வரை ஆண்டுக்கு 150 பவுண்டு தருகிறேன்" என்று கடிதம் எழுதியவரும் அங்கிள்தான். இளம் வக்கீலுக்கு உதவும் பெரியவர். எனக்கு யாரும் அப்படிக் கடிதம் எழுதவில்லை, அது தனிக்கதை. மூன்றாவது, நியூயார்க்கில் 1891-இல் தீர்ப்பான ஹேமர் வழக்கு. இருபத்தொரு வயதுவரை குடிக்காமல், புகையிலை தொடாமல், கெட்ட வார்த்தை பேசாமல், காசு வைத்துச் சீட்டு ஆடாமல் இருந்தால் 5,000 டாலர். சொன்ன இடத்தைக் கேளுங்கள்: தாத்தா பாட்டியின் ஐம்பதாவது மணநாள் விழா. சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையில். பையன் சொன்னபடி இருந்தான். பெரியவர் கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார். குடிக்காமல் இருப்பது பையனுக்குத்தானே நல்லது, பெரியவருக்கு என்ன லாபம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. செய்ய உரிமையுள்ள ஒன்றை அவர் கேட்டார் என்று விட்டுக்கொடுத்தானே, அது போதும் என்றது நீதிமன்றம்.

ஒரு சின்ன விலகல். அங்கிள் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் வகுப்பெடுப்பது கஷ்டம். இந்த மூன்று வழக்கிலும் அங்கிளுக்கும் பையனுக்கும் ஒரே குடும்பப் பெயர். அப்படியானால் இவர்கள் மாமாக்கள் அல்ல, சித்தப்பாவோ பெரியப்பாவோ. நம் ஊரில் தாய்மாமன் வாக்குக்கு இருக்கும் கனம் வேறு, சித்தப்பா வாக்குக்கு இருக்கும் கனம் வேறு. 1913-இல் அலகாபாத்தில் தீர்ப்பான லால்மன் சுக்லா வழக்கில் கான்பூரிலிருந்து ஹரித்வாருக்குப் போய் எஜமானரின் தொலைந்துபோன 'நெஃப்யூ'வைக் கண்டுபிடித்தார் கணக்குப்பிள்ளை. 501 ரூபாய் பரிசு அறிவித்தது தெரியாமலே கண்டுபிடித்ததால் பரிசு கிடைக்கவில்லை. அந்தப் பையன் அக்கா மகனா, அண்ணன் மகனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டத்துக்கு அது வேண்டியதில்லை. எனக்கு வேண்டும்.

கடைசியில், இரவு ஒரு மணி வாக்கில், ஜோன்ஸ் எதிர் பதவட்டன் வந்தது. 1969-ஆம் வருடத்துச் சட்ட அறிக்கையில் உள்ள இங்கிலாந்து வழக்கு. மகள் வாஷிங்டனில் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்க்கிறாள். டிரினிடாடில் இருக்கும் தாய், "வேலையை விட்டுவிட்டு லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டருக்குப் படி, மாதம் 200 டாலர் தருகிறேன்" என்கிறாள். மகள் வேலையை விட்டுப் போகிறாள். எந்த நாட்டு டாலர் என்றுகூட இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மகள் அமெரிக்க டாலர் என்று நினைத்தாள், தாய் மனதில் இருந்தது மேற்கிந்திய டாலர். சில வருடம் கழித்து உறவு கெட்டுத் தாயும் மகளும் கோர்ட்டில் நிற்கிறார்கள். மகள் அப்போதும் தேர்வுகளை முடித்திருக்கவில்லை. தாய் பக்கம்தான் தீர்ப்பு. ஆனால் நீதிபதிகள் ஒரே காரணத்தால் அங்கே போகவில்லை. இருவர், குடும்பத்துக்குள் ஒருவரையொருவர் நம்பிச் செய்துகொண்ட ஏற்பாடு, கோர்ட்டுக்குப் போகும் எண்ணமே யாருக்கும் இல்லை என்றார்கள். மூன்றாமவர், முதலில் ஒப்பந்தம் இருந்தது, ஆனால் நியாயமான காலம் முடிந்துவிட்டது என்றார். வக்கீல் படிப்பு, குடும்பத்துக்குள் ஒரு வாக்கு. அப்படியே அந்தப் பெண்ணின் கதை. அவளை நான் அரை நிமிடத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

வராந்தாவில்

அடுத்த வகுப்பு முடிந்ததும் அவளை வராந்தாவில் நிறுத்தினேன். ஏதோ தப்பு செய்துவிட்டவள் மாதிரி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன், முழுசாச் சொல்லு என்றேன்.

பி.காம் முடித்துவிட்டு ஒரு டைல்ஸ் ஷோரூமில் இரண்டு வருடம் அக்கவுன்ட்ஸ் பார்த்திருக்கிறாள். பெரியம்மா வீட்டுப் புதுமனை புகுவிழாவில், பந்தி முடிந்து எல்லோரும் மாடியில் உட்கார்ந்திருந்தபோது மாமா எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "எத்தனை நாளைக்கு டைல்ஸ் கணக்கு எழுதுவே? நம்ம வீட்ல ஒரு வக்கீல் வேணும். நீ லா படி. மூணு வருஷத்துக்கும் ஃபீஸ் நான் கட்டறேன்." அம்மா அழுதுவிட்டாளாம். முதல் தவணை கட்டினார். அடுத்த தவணைக்குள் அவர் மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. இப்போது போன் எடுப்பதில்லை.

"வேலையை விடச் சொன்னது யாரு?" என்றேன். என் கையில் பதில் தயாராக இருந்தது. அவர் சொல்லி விட்டிருந்தால் கன்சிடரேஷன் இருக்கிறது, நீயாக விட்டிருந்தால் இல்லை. ஒரு இரவு முழுக்கப் படித்ததன் பலன்.

அவள் உடனே சொல்லவில்லை. வராந்தா தூணில் யாரோ ஒட்டியிருந்த நோட்டீஸின் முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு சொன்னாள்: "விடுன்னு அவர் வாயால சொல்லல சார். படின்னு சொன்னார். ஆனா எழுபது பர்சென்ட் அட்டெண்டென்ஸ் வேணும். வேலையில இருந்துகிட்டு எப்படி சார் ரெகுலர்ல படிக்க முடியும்?"

சரிதான். வெளிப்படையாகச் சொல்லாததும் நடத்தையில் தெரிந்தால் கணக்கில் வரும் என்பது பிரிவு 9. 'படி' என்பதற்குள் 'விடு' இருக்கிறது என்று ஒரு நல்ல வக்கீல் வாதாடலாம். அதை அவளிடம் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா சார், வேலை எதுக்கு? அவர் படின்னு சொன்னார். நான் வந்து சேர்ந்துட்டேன். படிச்சதே போதாதா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. செய்யச் சொன்னது படிப்பு. செய்ததும் படிப்பு. குடிக்காதே என்றார் நியூயார்க் சித்தப்பா, பையன் குடிக்கவில்லை. படி என்றார் மாமா, பெண் படிக்கிறாள். வேலையைத் துருவிக்கொண்டிருந்த எனக்கு, கண்ணெதிரே பையை அணைத்துக்கொண்டு நின்ற கன்சிடரேஷன் தெரியவில்லை. முதலாண்டு முதல் செமஸ்டர் மாணவி அதைப் பார்த்துவிட்டாள்.

அதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆசிரியர் என்பதால் தோற்றதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் எதிர்ப்பக்கம் தேடினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவளிடம் ஓர் உதாரணம் சொன்னேன். நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் சொல்வார்: "காலைல எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுல நில்லு, என் கார்லயே ஜில்லா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்." அவர் விருப்பப்படிதான் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அவர் மறந்துவிட்டு நேராகப் போய்விட்டார், பல தடவை. ஒப்பந்தம் மீறினாரா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் அங்கே நிற்பது அவர் கேட்ட விலை இல்லை. அவர் செய்ய நினைத்த உதவியைப் போய் வாங்கிக்கொள்ளும் வழி. அதே மனிதர், "கேஸ் கட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு எட்டு மணிக்கு வா, ஐந்நூறு ரூபா தர்றேன்" என்றால் கதை வேறு. இரண்டிலும் எட்டு மணி இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, விருப்பம் இருக்கிறது. உன் படிப்பு இதில் எது? மாமா படிப்பைக் கேட்டு அதற்காகப் பணம் தருகிறேன் என்றாரா? இல்லை, பணத்தைத் தர நினைத்து, அது படிப்பின் வழியாகப் போகட்டும் என்றாரா?

"நம்ம வீட்ல ஒரு வக்கீல் வேணும்னு சொன்னாரே சார்?" என்றாள்.

கெட்டிக்காரி. அந்த ஒரு வாக்கியத்தில் கேட்கிறவரின் தேவை இருக்கிறது. உதவி செய்கிறவர் பேசுவது போல இல்லை. சாட்சிக் கூண்டில் மாமாவை ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால் நான் அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குவேன்.

இதற்கு மேல் இன்னொரு கதவு இருக்கிறது, சட்டரீதியாகக் கட்டுப்படும் எண்ணம். 1919-இல் பால்ஃபர் வழக்கில், இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த கணவர் உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். வீட்டுக்குள் பேசியது கோர்ட்டுக்கு வராது என்று முடித்தார்கள். நம் 1872 சட்டத்தில் அந்த எண்ணத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது, ஆனாலும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் பால்ஃபர் குந்தியிருக்கிறார். நம் சட்டம் குடும்பப் பாசத்தை வேறு வழியாகப் பார்க்கிறது. பிரிவு 25-இன் முதல் விதிவிலக்கு: நெருங்கிய உறவினருக்குள், இயல்பான அன்பினால், எழுத்தில் எழுதிப் பதிவும் செய்துவிட்டால் கன்சிடரேஷனே இல்லாமல் செல்லும். பாசத்தைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது. அதிலும் 1900-இல் கல்கத்தாவில், சதா சண்டையில் இருந்த கணவன் மனைவிக்குப் பதிவு செய்தே எழுதிக்கொடுத்தான்; அந்தப் பத்திரத்தைப் படித்தால் பாசத்தின் வாடையே இல்லை என்று தள்ளிவிட்டார்கள்.

இத்தனையும் பேசிவிட்டு, "நோட்டீஸ் அனுப்பணுமா?" என்று கேட்டேன். அவள் பதறிவிட்டாள். "ஐயோ சார், மாமா சார் அவர். எனக்கு வாய்டான்னு மட்டும்தான் தெரியணும்." தெரியவில்லை என்றேன். வகுப்பில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மூட்

செமஸ்டர் கடைசியில் வகுப்புக்குள்ளேயே ஒரு சின்ன மூட் கோர்ட், அதாவது மாதிரி வழக்காடல், வைப்பது வழக்கம். அவளிடம் கேட்டுக்கொண்டு, ஊரையும் உறவையும் மாற்றி இதையே பிரச்சினையாகக் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று குலுக்கிப் போடப் போனபோது அவள் கையைத் தூக்கி, பிரதிவாதி பக்கம் வேண்டும் என்றாள். மாமா பக்கம்.

வாதிக்காக எழுந்தவன் 'தாய்மாமா — வாய்டு' என்று கட்டம் போட்ட அதே முன் பெஞ்சுப் பையன். நன்றாகவே படித்து வந்திருந்தான். ஹேமர், ஹவுரா டவுன் ஹால், முதல் தவணை கட்டியதே வாக்கை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி என்றெல்லாம் அடுக்கினான். ஒப்பந்தமே இல்லை என்றாலும், வாக்கை நம்பி நிலையை மாற்றிக்கொண்டவரைக் கைவிடக் கூடாது என்று 1979-இன் மோதிலால் பதம்பத் வழக்கையும் இழுத்தான். அது உத்தரப் பிரதேச அரசு கொடுத்த வாக்கைப் பற்றியது, மாமாக்கள் வரை நீளுமா என்று கேட்டேன். தீர்ப்பில் அரசுக்கு மட்டும் என்று எழுதவில்லை யுவர் ஹானர் என்றான். முதலாண்டுக்கு இது அதிகம்.

அவள் கையில் குறிப்பேதும் இல்லை. வெறும் சட்டப் புத்தகம், பிரிவு 2-க்கு ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தாள். ஷாட்வெல்லில் பெரும்பான்மைத் தீர்ப்பை விட்டுவிட்டு மாறுபட்ட நீதிபதி பைல்ஸை எடுத்துக்கொண்டாள்: பெரியவர் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லவில்லை, நடக்கவிருந்த கல்யாணத்தைக் கேட்டுச் சந்தோஷத்தில் எழுதிய கடிதம் அது. பிறகு என்னுடைய பஸ் ஸ்டாண்டையே என்மேல் திருப்பினாள். சபையில் பெருமைக்காகப் பேசிய ஒரு வாக்கியத்திலிருந்து விருப்பத்தைப் பிழிந்தெடுக்கக் கூடாது, அப்படி எடுத்தால் நாளையிலிருந்து விசேஷ வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றாள். கடைசியாக, குரல் கொஞ்சம் இறங்க, "என் கட்சிக்காரர் அன்னைக்குப் பொய் சொல்லல யுவர் ஹானர். அப்ப அவர்கிட்ட பணம் இருந்துச்சு" என்றாள். அது சட்ட வாதமே இல்லை. அதை வெட்டிவிட்டு மார்க் போட வேண்டும் என்று தெரிந்தும் நான் வெட்டவில்லை. தீர்ப்பை ஒத்திவைத்தேன். இன்னும் சொல்லவில்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம் கோர்ட்டு வாசலில் பார்த்தேன். பத்திர எழுத்தரிடம் சாயங்காலம் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். ஃபீஸ் என்ன ஆச்சு என்றேன்.

"மாமா போன வாரம் போன் பண்ணார் சார். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சாம். அடுத்த வருஷத்துலேர்ந்து மறுபடி அவரே கட்டறேன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"எழுதித் தர்றீங்களா மாமான்னு கேட்டேன். சிரிச்சார்."

"எழுதினா மட்டும் போதாதே, பதிவு பண்ணணுமே" என்றேன், வகுப்புப் பழக்கத்தில்.

"அதையும் கேட்டேன் சார்" என்றாள். "வச்சிட்டார்."